கொடிக்கு நின்றவர்

செம்மணல்விளையில் கொடி படர ஆள்தான் நிற்க வேண்டும். தேரி மேட்டில் வேறென்ன இருக்கிறது, செம்மணல்தானே. காற்றடிக் காலத்தில் வீட்டுக்கொருவர் முறைவைத்து மணல்மேட்டில் போய் நிற்பார். கொடி அவர்மேல் ஏறும். பூத்ததும் தானாக அவிழ்ந்து ஆளை விட்டுவிடும். அதற்குமுன் அறுத்தால் மேடு காற்றோடு கிளம்பிவிடும். பக்கத்து ஊர் மேடு அப்படித்தான் போனது. இன்னும் திரும்பவில்லை.

இந்த வருஷம் சுயம்புலிங்கத்தின் முறை. இன்று அவர் மகள் தங்கபுஷ்பத்துக்குக் கல்யாணம். கொடி தோள்வரை வந்துவிட்டது. ஒரு மொட்டுகூட இல்லை.

மச்சினன் பால்வண்ணம் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடேறி வந்தான்.

"என்ன அத்தான், இன்னும் பூக்கலியா?"

"பூத்தா இங்க ஏம்டே நிக்கேன்?"

"வைதுகிட்டே நின்னா எப்படிப் பூக்கும்? ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க."

"சொன்னேன். நம்ப மாட்டேங்குது."

"அப்பா வராம கழுத்த நீட்ட மாட்டேன்னு புஷ்பம் உக்காந்திருக்கா. முகூர்த்தம் போயிரும்."

அறுக்கவும் கூடாது, நிற்கவும் முடியாது. சுயம்புலிங்கம் குனிந்து மேட்டைப் பார்த்தார்.

"சரி, நீரும் வாரும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மேடு கூடவே வந்தது. ஆனால் பனை கண்ட இடத்திலெல்லாம் நின்று நலம் விசாரித்தது.

"கால எட்டிப் போடும் வே!"

பால்வண்ணம் பின்னாலிருந்து தள்ளினான். பட்டுவேட்டி செக்கச்செவேல் என்று ஆனது. நல்லவேளை, தூரத்தில் மேளச்சத்தம் கேட்டது. அதற்கப்புறம் மேட்டைப் பிடிக்க முடியவில்லை. சுயம்புலிங்கம்தான் பின்னால் ஓடினார்.

பந்தலில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, "வாங்க, வாங்க" என்று மேட்டுக்குச் சந்தனம் கொடுத்தாள். சுயம்புலிங்கம் மகள் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. கொடி உச்சந்தலைவரை ஏறிக் குப்பென்று பூத்தது. மீசையெல்லாம் மஞ்சள் பூ.

"எப்பா, என்னைவிட நீங்கதான் அழகா இருக்கீங்க" என்று புஷ்பம் சிரித்தாள்.

"வாய மூடு. தாலி கட்டட்டும்" என்றார். அவரும் சிரித்துவிட்டார்.

கொடி அவிழ்ந்து இறங்கியது. மேடு முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் மறுதடவை கேட்டு வாங்கியது.

மறித்துக்கொண்டிருந்த மேடு இங்கே வந்துவிட்டதால் கடலுக்கு வழி கிடைத்திருந்தது. மொய்க்கு எவர்சில்வர் குடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடல் பந்தல் வாசலில் நின்றது.

"இப்பதான் வாரதா? கடைசிப் பந்தி ஓடுது. செருப்ப வெளிய விட்டுட்டு வாரும்" என்றார் சுயம்புலிங்கம்.

கடல் இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தது.