என் கைமேல் போட்ட பழி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். பத்தொன்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவளிடம், உனக்குக் கை நடுங்குகிறது, இதில் கையெழுத்துப் போடு என்று ஒரு தாளை நீட்டினால் கோபம் வராமல் கொஞ்சலா வரும்?

நான் இருப்பது ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில். உள்ளே டெக்னீஷியன் சோதித்துச் சீட்டில் எழுதித் தரும் அளவுகளை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். மூன்று வாரமாக என் மவுஸின் அம்பு பேயாட்டம் ஆடியது. திரையில் ஒரு கட்டத்தின்மேல் வைத்து அழுத்தப் போகும்போது சட்டென்று நாலு வரி தள்ளிப் போய் நிற்கும். அப்படித்தான் ஒரு பெரியவரின் சர்க்கரை அளவு வேறொருவர் பெயரில் போய் விழுந்தது. டாக்டர் கவனித்துத் திருப்பி அனுப்பினார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேனேஜர் கூப்பிட்டார். "வயசாச்சுல்ல மேடம், கை நடுங்கத்தான் செய்யும். ஃபைல் ரூமுக்குப் போயிடுங்க, டென்ஷனே இல்ல" என்றார். ஃபைல் ரூம் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. அங்கே போனவர்கள் யாரும் மறுபடி மேலே வந்ததில்லை. தாளில் எல்லாம் தயாராக அடித்திருந்தது: 'என் கை நடுக்கத்தால் தவறுகள் நேர்ந்தன. கணினிப் பணியிலிருந்து விலகச் சம்மதிக்கிறேன்.'

"என் கை நடுங்கல சார்."

"நடுங்குறவங்களுக்கு அது தெரியாது மேடம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வேணும். இல்லன்னா ஹெட் ஆபீசுக்கு நானே எழுதுவேன்."

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை. இன்னொரு தரம் பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆளின் பேச்சைக் கேட்டு என் கையை நானே சந்தேகப்படுவதா?

மறுநாள் காலை முதல் வேலையாகச் சிஸ்டம் ரிப்பேர் பார்ப்பவருக்குப் போன் போட்டேன். மாதம் ஒரு தரம்தான் வருவார், அடுத்த முறை இந்த வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் போனிலேயே வழி சொன்னார்.

"அடியில தூசி இருக்கும், துடைங்கக்கா." துடைத்தேன். "பேட்டரி மாத்துங்க." மாற்றினேன். "மேஜை பளபளன்னு இருந்தாலும் அம்பு தாவும், ஒரு பேப்பர் விரிங்க." விரித்தேன். மவுஸுக்கு வயர் கிடையாது. கம்ப்யூட்டரின் பின்னால் நகம் அளவுக்கு ஒரு ரிசீவர் செருகியிருக்கும். அதைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகச் சொன்னார். அதையும் செய்தேன். அம்பு அசராமல் தாவியது.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களாக்கா?"

"என்னையே ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணிட்டேன் தம்பி!"

புதன்கிழமை மேனேஜர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார். அன்று நாள் முழுக்க அம்பு ஒரு தடவைகூடத் தாவவில்லை. டெக்னீஷியன் எட்டிப் பார்த்து, "அவர் இல்லன்னா மவுஸுக்கே நிம்மதி போல" என்று கிண்டலடித்தாள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்குச் சுருக்கென்றது.

வியாழக்கிழமை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு. அதை ஒட்டி அந்தப் பக்கம் அவர் மேஜை. ஒவ்வொரு போனும் பேசி முடித்ததும் டிராயரை இழுத்து ஒரு புதினா மிட்டாய் எடுத்து வாயில் போடுவது அவர் வழக்கம். டிராயர் 'கிரீச்' என்றது. இங்கே அம்பு தாவியது. மறுபடி கிரீச், மறுபடி தாவல். மதியத்துக்குள் பதினோரு தடவை எழுதி வைத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அந்த டிராயருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆபீசில் பழசைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு கிடைக்கும். ஸ்டாப்ளர் ஆனாலும் சரி, மவுஸ் ஆனாலும் சரி, வாங்கினபடியே, பேட்டரியோடு கொடுக்க வேண்டும். அவரே வாங்கி உள்ளே போட்டுக்கொள்வார். உருளை உடைந்துபோன என் பழைய மவுஸைப் போன மாதம் அப்படித்தான் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ரிப்பேர்காரர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ அக்கா, புதுசை அதே ரிசீவர்லதான் சேர்த்தேன். பழசோட தொடர்பைத் துண்டிக்க மறந்துட்டேன், ரெண்டு மவுஸும் ஒரே அம்பை இழுக்குது!"

"மறந்தது இருக்கட்டும். மவுஸைத் தொடாம ஸ்கிரீனையே பாருங்க" என்று சொல்லிவிட்டு, மேனேஜர் அறைக் கதவை விரியத் திறந்தேன். டெக்னீஷியனும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா மேடம்?"

"முதல்ல உங்க டிராயரை இழுங்க சார்."

"என்ன விளையாட்டு இது?"

"இழுங்க. மிட்டாய் எடுக்க மட்டும் நாள் முழுக்க இழுக்கிறீங்கல்ல?"

முறைத்துக்கொண்டே இழுத்தார்.

"அக்கா, ஓடுது!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "இன்னொரு தரம்" என்றேன். வேண்டாவெறுப்பாகத் தள்ளினார். "திரும்ப ஓடுது!" உள்ளே மிட்டாய்ப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் என் பழைய மவுஸ் அடியில் சிவப்பு வெளிச்சத்தோடு கிடந்தது.

அவர் முகம் தொங்கிப்போனது. "சரி சரி, விடுங்க மேடம். கிழிச்சுப் போட்டுடலாம்" என்று என் கையிலிருந்த அந்தத் தாளுக்குக் கை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. இந்த வாரம் முழுக்க ஆபீசில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் என் விரலைப் பார்த்தார்கள். கிழித்துப் போட்டால் அது போய்விடுமா? "கிழிக்க வேண்டாம் சார். 'என் கை நடுக்கத்தால்'னு இருக்குல்ல, அதை அடிச்சுட்டு, 'மேனேஜர் டிராயரில் இருந்த மவுஸால்'னு எழுதுங்க. விலகச் சம்மதம்ங்கறதையும் அடிங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க, கீழே நானும் போடறேன். ஹெட் ஆபீசுக்கு இதுதான் போகணும்."

"இவ்வளவு தூரம் போகணுமா?"

"நீங்க போனீங்களே!"

எழுதினார். கையெழுத்தும் போட்டார். பேனாவை வாங்கிக் குனிந்தபோது, இத்தனை நாள் அடக்கி வைத்த ஆத்திரமெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து என் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. அவர் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று அதே கையால் மெதுவாக, என் முழுப் பெயரையும் எழுதினேன்.