முந்திக்கொண்ட வாய்

அக்கா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அவள் கண் அதில் இல்லை.

“என்னடி சொல்ற? மொத்தமா எடுத்துடவா, இல்ல நிதியிலயே விட்டுடவா? இன்னிக்கு மத்தியானத்தோட கடைசி.”

தங்கை செருப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பூட்டியதை அவிழ்த்து மறுபடியும் பூட்டினாள்.

“உன் இஷ்டம்க்கா.”

“என் இஷ்டம்னா உன்னை எதுக்குக் கேக்கறேன்? பெரிய மனுஷங்களோடயே சுத்தறவ. காதுல ஏதாவது விழுந்திருக்குமே?”

விழுந்திருந்தது. அதுதான் வினையே.

அக்கா அரசு மருத்துவமனையில் நர்ஸ். போன வாரம்தான் ஓய்வு பெற்றாள். அப்பா அம்மா போன பிறகு இரவு டியூட்டியாகக் கேட்டு வாங்கிப் பார்த்து, தங்கையை இரண்டு மொழிகளைக் கரைத்துக் குடிக்க வைத்தவள். தனக்கென்று ஒரு துரும்பு சேர்த்ததில்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து ஓய்வு நிதியில் போட்டார்களே, அது ஒன்றுதான் அவளுடைய கடைசிக்காலம். நிதியிலேயே விட்டு வைத்தால் கூடுதல் வட்டி என்று அரசாங்கம் ஆசை காட்டியிருந்தது. ஊரே அதை நம்பியது.

தங்கை நம்பவில்லை. அவளுக்குத் தெரியும்.

நாடாளுமன்றத்தில் அவள் மொழிபெயர்ப்பாளர். அவையில் ஒருவர் ஒரு மொழியில் பேசப் பேச, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கூடவே இன்னொரு மொழியில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். உறுப்பினர்கள் காதில் கருவி மாட்டிக் கேட்பார்கள். அந்த இன்னொரு மொழி நாட்டுக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டுக்காரர்களுக்கும் புரிகிற மொழி. அதனால்தான் கடன் பேச்சுவார்த்தைக்குப் போன நிதியமைச்சர் இவளையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார். புறப்படும் முன் ஓர் அதிகாரி ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார். “விஷயம் வெளியே போச்சுன்னா நீங்க உள்ளே போவீங்க, அவ்வளவுதான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் இவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அங்கே மேசை மேசையாகப் போனார்கள். கடன் கொடுத்த ஒவ்வொருவரிடமும் அமைச்சர் ஒரே மாதிரிதான் தொடங்கினார். “ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாச் சொல்லிடறேன். ஓய்வு நிதியில…” என்று இழுத்து, தண்ணீர் குடித்து, “பாதியைக் குறைச்சுக்க நாங்க தயார்” என்று முடித்தார். இவள் அதைத் திருப்பிச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் ‘அமைச்சர் சொல்கிறார்’ என்றெல்லாம் சொல்லக்கூடாது; அவராகவே மாறி நான், நாங்கள் என்றுதான் பேச வேண்டும். ஆக, அக்காவின் பணத்தில் பாதியை இவள் வாயாலேயே தாரை வார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு மேசையிலும்.

“எதுவும் விழலக்கா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள்.

கூண்டில் அவளோடு உட்காருகிறவரை எல்லோரும் இருமல்காரர் என்பார்கள். மனிதர் எந்நேரமும் இருமுவார். இருமல் அவைக்குக் கேட்காமலிருக்க ஒலிவாங்கியை அடைக்கும் பித்தான் ஒன்று உண்டு. அவர் புண்ணியத்தில் அது தேய்ந்தே போயிருந்தது. கீழே எதிர்க்கட்சித் தலைவர் காதுக்கருவியை மாட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். அமைச்சரின் மொழி அவருக்கு அரைகுறை. ஆனால் பிடித்தால் பிடித்ததுதான் என்பதால் கூண்டுக்காரர்கள் அவருக்கு விடாக்கண்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் பிடி கொடுக்காத நிதியமைச்சர், கொடாக்கண்டன்.

“இன்னிக்கு விடாக்கண்டன் கொடாக்கண்டன் கச்சேரி” என்றார் இருமல்காரர். “என்னம்மா, முகமே சரியில்ல? நான் எடுக்கட்டுமா?”

எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இந்தக் கேள்விக்கு மட்டும் ஏன் ஒதுங்கினாள் என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். பயந்தவளுக்கு எல்லாமே சாட்சி.

“இல்ல சார், நானே பாத்துக்கறேன்.”

விடாக்கண்டன் எழுந்தார். கடன் பேச்சில் அரசு எதை விட்டுக்கொடுத்தது, அதை ஏன் மூடி மறைக்கிறது என்று தொடங்கி, நேராக விஷயத்துக்கு வந்தார். “ஓய்வு நிதியில் கை வைக்க ஒப்புக்கொண்டீர்களா, இல்லையா? மழுப்பாமல் சொல்லுங்கள்.”

இவள் விரல் தானாகவே இருமல் பித்தானின் மேல் போய் உட்கார்ந்தது. அழுத்தினால் அமைச்சர் சொல்லப்போகும் பொய்யைத் தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் குரல் நின்றால் அவை முழுவதும் அண்ணாந்து கூண்டைப் பார்க்கும். விரலை எடுத்துவிட்டாள்.

அமைச்சர் தொண்டையைச் செருமினார். “ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாச் சொல்லிடறேன். ஓய்வு நிதியில…”

இழுத்தார். தண்ணீர் குடித்தார்.

கூடவே மொழிபெயர்க்கிறவர்கள் வாக்கியம் முடியும்வரை காத்திருப்பதில்லை. காத்திருந்தால் அடுத்த வாக்கியம் வந்து மேலே ஏறிவிடும். பேசுகிறவர் எங்கே போகிறார் என்று மோப்பம் பிடித்து, ஒரு எட்டு முன்னாலேயே போய் நிற்பார்கள். அதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். அன்று அவள் வாய் அப்படித்தான் முந்தியது. மேசை மேசையாகப் பழகிய தடத்தில் தன்பாட்டுக்கு ஓடி முடித்தது.

“…பாதியைக் குறைத்துக்கொள்ள நாங்கள் தயார்.”

கீழே அமைச்சர் தண்ணீரை விழுங்கிவிட்டுச் சொன்னார்: “ஒரு பைசாவுலகூட நாங்க கை வைக்கல.”

காலம் கடந்துவிட்டது. காதில் கருவி மாட்டியிருந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருமல்காரர் இருமலை மறந்து இவளையே பார்த்தார்.

விடாக்கண்டன் மெதுவாக எழுந்தார். “உண்மையை ஒப்புக்கொண்டதற்கு அமைச்சருக்கு நன்றி. பாதி என்றீர்கள். எந்தத் தேதியிலிருந்து?”

“நான் எங்கே பாதின்னு சொன்னேன்?” அமைச்சருக்கு முகம் சுண்டியது. உதவியாளர் ஓடிவந்து காதில் ஏதோ சொன்னார். அமைச்சர் தலையை நிமிர்த்திக் கூண்டைப் பார்த்தார். தெரிந்த முகத்தைத்தான் பார்த்தார். “அது மொழிபெயர்ப்பாளரோட தப்பு.”

அதையும் இவள்தான் சொல்ல வேண்டும். “அது மொழிபெயர்ப்பாளரின் தவறு” என்று அமைச்சராகவே இருந்து சொன்னாள். உள்ளங்கை வேர்த்து ஒலிவாங்கியின் தண்டு வழுக்கியது. இப்போதாவது பித்தானை அழுத்தி ஓவென்று அழுதுவிடலாம் போலிருந்தது.

விடாக்கண்டன் விடவில்லை. “தவறென்றால் இல்லை என்பதை ஆம் என்று சொல்லலாம். பாதி என்ற அளவு எங்கிருந்து வரும்? அவைத்தலைவரே, அந்தப் பேச்சுவார்த்தை அறையில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தது யார்? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.”

அவை கொதித்தது. இரண்டு பக்கமும் எழுந்து நின்று கத்தின. அவைத்தலைவர் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லிவிட்டு அவையை ஒத்திவைத்தார்.

கூண்டின் சிவப்பு விளக்கு அணைந்தது. இருமல்காரர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே, நடைபாதையின் கோடியில், அவைக்காவலர்கள் இருவர் வந்துகொண்டிருந்தார்கள். கூடவே ஓர் அதிகாரி. உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியவர். இப்போது சிரிக்கவில்லை.

பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு நிம்மதி. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்கா வீட்டில் ரேடியோவை எப்போதும் இவள் பேசுகிற அலைவரிசையில்தான் வைத்திருப்பாள். பாதி புரியாவிட்டாலும் தங்கை குரலைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவாள். கேட்டிருப்பாள். கேட்காவிட்டாலும் இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். இனி எதைக் காப்பாற்ற வாயை மூட வேண்டும்?

இழுப்பறையில் அணைத்து வைத்திருந்த கைப்பேசியை எடுத்து உயிர்ப்பித்தாள். அக்காவின் குரல்பதிவு ஒன்று காத்திருந்தது. அவை கூடும் முன்னாலேயே அனுப்பியது. அழுத்தினாள்.

“வேலை முடிஞ்சுதுடி. கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம்னு நீ கிளம்பின கையோட நானும் கிளம்பிட்டேன். மொத்தத்தையும் நிதியிலயே விட்டுட்டேன். இனிமே மாத்த முடியாதாம், போட்டா போட்டதுதானாம். கவுன்டர்ல இருந்த பொண்ணு, நல்லா யோசிச்சீங்களாம்மான்னு ரெண்டு வாட்டி கேட்டா. என் தங்கச்சி பார்லிமென்ட்லயே இருக்கா, ஏதாவது இருந்தா எனக்குச் சொல்லாம இருப்பாளான்னு சொன்னேன். அவளும் சிரிச்சா. சரி, சாயங்காலம் சீக்கிரம் வா.”

அதிகாரி கண்ணாடியைத் தட்டினார்.