எட்டாம் துக்கத்தன்று வந்த செய்தி

என் மகள் தினேஸ்வரி குனோங் ராபாட்டில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறாள். கணக்கு என் பொறுப்பு. முப்பத்திரண்டு வருஷம் ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதும் கிராணியாக இருந்தவனுக்குக் கணக்கு மென்பொருள் எம்மாத்திரம்? பணம் கட்ட எத்தனை நாள் தவணை என்று அது கேட்டது. ஏழு என்றேன். எல்லாருக்குமா? எல்லாருக்கும். நாள் தாண்டினால் தானாக நினைவூட்டவா? தாராளமாக. நாட்டுக்கே பட்ஜெட் போட்ட களைப்போடு எழுந்தேன்.

அந்த மாதமே என் சீட்டாட்டக் கூட்டாளி ராஜு போய்விட்டான். நாற்பது வருஷம் கள்ள ஆட்டம் ஆடியே என்னை ஜெயித்தவன். சாவுக்குக் கூடாரம் எங்களுடையது. எங்களிடம் இருந்தது அவன் பெயரும் கைப்பேசி எண்ணும்தான். அன்றே இன்வாய்ஸ் அந்த எண்ணுக்குப் போயிற்று.

எட்டாம் துக்கத்தன்று சாயங்காலம் ஆயர் தாவாரிலிருந்து வந்த சொந்தமெல்லாம் ராஜுவின் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தது. அவன் படத்துக்கு முன்னால் விளக்கருகே வைத்திருந்த அவனுடைய கைப்பேசி அலறியது. தூரத்து லூமுட் கப்பற்படையே உஷாராகியிருக்கும். ராஜுவின் மருமகன் எடுத்து உரக்க வாசித்தான்: “அன்புள்ள ராஜு, நீங்கள் பணம் கட்ட வேண்டிய நாள் கடந்துவிட்டது. உடனே எங்களைத் தொடர்பு கொள்ளவும்.”

ராஜுவின் மனைவி முத்தம்மா என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த காப்பி அந்த நொடியே ஐஸ் ஆனது.

மறுநாள் காலை வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“கிராணி அண்ணே, உங்க கூட்டாளி எப்படி உங்களத் தொடர்பு கொள்றது? அங்க லைன் இருக்கா?”

“நான் அனுப்பல முத்தம்மா. மிசினு அனுப்பிருச்சு.”

“மிசினுக்கு ஏழு நாளுன்னு சொன்னது யாரு?”

கூரையைப் பார்த்தேன்.

“கல்யாண வீட்டுக்கு ஏழு நாள் வைங்க, மொய் வந்திருக்கும். பதினாறு முடியாம சாவு வீட்டுல யாராச்சும் காசு கேப்பாங்களா? சொந்தக்காரங்க முன்னால மானம் போச்சு. பதினாறுக்கு வேற ஆள்கிட்ட கூடாரம் சொல்லிக்கிறேன். நீங்களும் வர வேணாம்.”

வாடகை போனால் போகட்டும். ராஜுவின் பதினாறில் நான் இல்லாமலா? அவள் கண் முன்னாலேயே கம்ப்யூட்டரைத் திறந்தேன். தவணைப் பட்டியலில் ஏழு, பதினாலு, முப்பது, அறுபது. எனக்கு ரத்தம் கொதித்தது.

“பாத்தியா? இத செஞ்சவன் வீட்டுல ஒருத்தனும் சாகவே மாட்டானா?”

“கத்தாம தேடுங்க.”

அடியில் ‘புதியது’ என்று இருந்தது. பெயர், ‘துக்க வீடு’. நாள், பதினாறு என்று தட்டினேன்.

“பதினாறு போட்டா காரியம் முடிஞ்ச மறுநாளே மணி அடிக்கும்லா. இருவது போடுங்க.”

போட்டேன். “நினைவூட்டவே வேணாம்னு போட்டுடறேன்.”

“அப்புறம் உங்க மக எப்படிப் பொழைக்கும்? ஒரே ஒரு தடவ. மரியாதையா.”

பழைய இன்வாய்ஸை அந்தத் தவணைக்கு மாற்றினேன். மேலே ராஜுவின் பெயர் இருந்தது. அழிக்க விரல் வரவில்லை. முத்தம்மா சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு என் கையை விலக்கி, ஒவ்வொரு எழுத்தாக அவளே அழித்தாள்.

“என் பேரப் போடுங்க. நம்பரும் என்னுது.”

எழுதினேன். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“சாவுக்கு அனுப்புன அம்பது நாற்காலி பதினாறுக்குப் பத்தாது. எழுவது அனுப்புங்க. முன்வரிசையில ஒண்ணு உங்களுக்கு.”