ஆலிம் சாயபுக்கு ஒரு பக்கம்

என் வாய் சும்மா இருக்காது. காசிமேட்டு மீன் ஏலத்தில் இந்த ஐரீன் வாயைத் திறந்தால் நாலு கூடைக்காரிகள் தள்ளி நிற்பார்கள். அந்த வாய்தான் போன மாசி மாதம் என்னைக் கொண்டுபோய் வசமாக மாட்டிவிட்டது.

அப்போது என் வீட்டுக்காரர் இன்னாசி மீன் பிடிக்கப் போன போட்டு, எஞ்சின் நின்றுபோய்க் கடலில் காணாமல் போயிருந்தது. எட்டு நாள் ஆகிவிட்டது. கோஸ்ட் கார்டு தேடுகிறது, ஹெலிகாப்டர் போகிறது என்று ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள். சர்ச்சுக்கும் கரைக்கும் நடந்து நடந்து எனக்குக் கால் வீங்கிவிட்டது. மாடி வீட்டு சாபிரா தையல் மிஷினை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரு புள்ள. ஆலிம் சாயபுகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவோம்."

ஆலிம் சாயபு தர்கா கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. லாரி போகிற ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைக் கொடி மட்டும் தெரியும். அங்கே அடங்கியிருப்பவர் அந்தக் காலத்துப் பெரிய படிப்பாளி. ஆயுசு முழுக்கப் படித்தும் எழுதியும், கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நீ யார், எந்தச் சாமி என்று கேட்காமல் சொல்லிக்கொடுத்தும் வாழ்ந்தவராம். அதனால் அங்கே நேர்த்திக்கடன் வேறு மாதிரி. ஆடு வேண்டாம், கோழி வேண்டாம். நினைத்த காரியம் நடந்தால், சமாதிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் சத்தமாகப் படிக்க வேண்டும். எந்தப் பாஷையானாலும் சரி, எந்தப் புத்தகமானாலும் சரி. சாபிரா குரான் ஓதியிருக்கிறாள். நர்ஸ் படிப்பு முடித்த ஒரு பெண் உடம்பில் இருக்கிற எலும்பு பேரையெல்லாம் படித்துவிட்டுப் போனாளாம். ஆனால் நேர்ந்துகொண்டவர்தான் படிக்க வேண்டும், ஆள் மாற்றக் கூடாது.

அன்றைக்கு நான் சமாதியைச் சுற்றியிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் தர்கா பாய் மெதுவாகக் கேட்டார்.

"உங்க வூட்டுக்காரரு வந்துட்டா யாரும்மா படிப்பீங்க?"

"நானே வந்து படிக்கிறேன்!" என்றேன். சாபிரா என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பது அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

மூன்றாம் நாள், ஆந்திரா பக்கம் ஏதோ ஒரு கப்பல்காரர்கள் போட்டில் இருந்த ஐந்து பேரையும் தூக்கிக் காப்பாற்றினார்கள். இன்னாசி கருவாடாகக் காய்ந்து வீடு வந்து சேர்ந்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், அப்புறம் எஞ்சினைப் பார்க்காமல் போனதற்கு ஒரு மணி நேரம் திட்டினேன். இரண்டுக்கும் அவர் சிரித்தார். சாபிரா வந்து நேர்த்திக்கடன் விஷயத்தை உடைத்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"நீயா? நீயே படிக்கறேன்னு சொன்னியா?" என்று மூன்று தரம் கேட்டார். கடைசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "நீ படிக்கிற அன்னிக்குதான்மே நான் போட்டுல ஏறுவேன்."

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பதினோரு நாள் தண்ணீரில் கிடந்தவர் பயப்படாமல் என்ன செய்வார்? கடலைத் தவிர வேறு வேலையும் தெரியாது. படிக்கவில்லை என்றால் மனிதர் இப்படியே கரையில் உட்கார்ந்து உள்ளுக்குள் செத்துப்போவார். உடனே சாபிராவிடம் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடு என்றேன்.

சாபிரா துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் என் சமையலறைச் சுவரில் எழுதிப்போட்டாள். வெங்காயம் அரிந்துகொண்டே அ, ஆ சொன்னேன். துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் டிரைலர் லாரிகளின் முதுகில் எழுத்துக் கூட்டினேன். ஒரு டிரைவர், "இன்னாக்கா, நம்பர் நோட் பண்றியா? போலீஸா?" என்று கேட்டார். "ஆமாண்டா, கமிஷனரு" என்றேன். பஸ் போர்டில் 'கல்மண்டபம்' என்று முழுசாகப் படித்த அன்றைக்கு அந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். நான் போக வேண்டியது திருவொற்றியூருக்கு.

ஆனாலும் ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிஷம் ஆனது. சித்திரை வைகாசி ஓடிப்போனது. மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது. ஜூன் பதினான்கு ராத்திரி எல்லாப் போட்டும் கிளம்பும். போட்டுக்குச் சொந்தக்காரர் வால்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: அன்றைக்கு மத்தியானத்துக்குள் இன்னாசி வருகிறேன் என்று சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வாராம்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஷைனியைக் கூப்பிட்டு ஜெபப் புத்தகத்தில் ஒரு ஜெபத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி, மனப்பாடம் செய்துவிட்டேன். ஜெபமாலை சொல்லிப் பழகிய வாய்க்கு அது பெரிய வேலையா? பத்தே நாள். சாபிராவிடம் மூச்சு விடவில்லை.

பதினான்காம் தேதி காலையில் மூன்று பேரும் போனோம். செருப்பைக் கழற்றி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனால் முப்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று ராத்திரி கடலுக்குப் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள் பாதி. ஊதுபத்திப் புகையும் மல்லிகைப்பூ வாசனையும் மூக்கை அடைத்தன. பச்சைப் போர்வைக்குக் கீழே ஆலிம் சாயபு அமைதியாக இருந்தார்.

கம்பிக்கு வெளியே உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். ஷைனி அடையாளத்துக்கு வைத்த முடி ரப்பர் இருந்ததால் பக்கம் தவறவில்லை. கண்ணை அங்கேயும் இங்கேயும் ஓட்டிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, தங்குதடை இல்லை. பின்னால் யாரோ, "இன்னா சோக்கா படிக்குது பாரேன்" என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. ஏலத்தில் விலை ஏறுகிற மாதிரி குரலை இன்னும் ஏற்றினேன்.

தர்கா பாய் குனிந்து என் புத்தகத்தைப் பார்த்தார்.

"யம்மா, பக்கம் முடிஞ்சி போச்சே."

"ஆங்?"

"பக்கம் முடிஞ்சி மூணு வரி ஆயிடுச்சு. மீதி அடுத்த பக்கத்துல கீது. நீ திருப்பவே இல்ல, போய்கினே கீற."

அந்தப் பாழாய்ப்போன ஜெபம் அந்தப் பக்கத்தோடு முடியாது, அடுத்த பக்கத்துக்குப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஷைனியும் சொல்லித் தொலைக்கவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாபிரா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! ஆலிம் சாயபுகிட்டயே டபாய்க்கிறியா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நான் இன்னா பண்றது? இந்த ஆளு இன்னிக்கு கடலுக்குப் போவணுமே! எனக்கு வார்த்த வார்த்தையாதான் வருது. ஒரு பக்கம் படிக்க ஒரு வருசம் ஆவும்!"

தர்கா பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "வார்த்த வார்த்தையா படி. அவரு எங்கயும் எழுந்து போவ மாட்டாரு. சின்ன பக்கமா இருந்தாலும் பரவால்ல" என்று சமாதியைக் காட்டிச் சொன்னார்.

அப்போதுதான் இன்னாசி எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். உப்பு பூத்து மொடமொடவென்று இருந்தது. பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது.

"இத படிமே. போட்டுல, ஒம்பதாவது நாளு எழுதினது."

விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஐ... ரீ... னு. ஐரீனு. த... ண்... ணி. தண்ணி முடி... முடிஞ்சி... போச்சு." நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சாபிரா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரு... வனா... தெரி... யல. நீ அழு... வாத. அழுதா ஒனக்கு ம... மண்ட வலிக்கும்." உண்மைதான், வலிக்கும். இப்போதும் வலிக்க ஆரம்பித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். "யாரை... யாவது... திட்டி... கினு இரு. திட்டற... அன்னிக்கு... தான் நீ... நல்லா... சாப்... புடற."

முப்பது பேரும் சிரித்தார்கள். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன். அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே, அந்த வேகத்தில் வாய்விட்டுக் கூட்டினேன்.

"ஒன்ன... எனக்கு... ரொம்... ப... புடி... க்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. ஒரு பெண் விசில் அடித்தாள். தர்காவில் விசில்! தர்கா பாய், ஆசீர்வாதம் பண்ண வைத்திருக்கும் மயிலிறகை முகத்துக்கு நேரே பிடித்து மறைத்துக்கொண்டார், அவருக்கும் சிரிப்பு. என் கல்யாணத்துக்கு இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஒரு நாள் அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. என் முகம் சுட்டது. இன்னும் ஒரே வரி பாக்கி இருந்தது.

"இத... வேற... யாரும்... படி... க்கக் கூடாது. நீயே... படி."

"நாங்க யாரும் கேக்கலம்மா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு இன்னொரு சிரிப்பு. தர்கா பாய் கையேந்தி எல்லோருக்கும் துஆ கேட்டார். சர்க்கரைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "ஒரு பக்கம் சேர்ந்துச்சும்மா" என்றார். அவ்வளவுதான், ஆலிம் சாயபு கணக்கு தீர்ந்தது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தீரவில்லை.

"யோவ், எனக்குத்தான் எழுத்தே தெரியாதே. அது தெரிஞ்சும் நீயே படின்னு இன்னாத்துக்குய்யா எழுதின?"

இன்னாசி தலையைச் சொறிந்தார். "எழுதி முடிச்ச அப்பால தான்மே ஞாபகம் வந்துச்சு. நான் செத்து, இது கரைக்கு வந்தா, அந்த வால்டரு தான் ஒனக்குப் படிச்சுக் காட்டுவான். ஒன்ன புடிக்கும்னு அவன் வாயால நீ கேக்கணுமா? எனக்கு அப்டியே பத்திகினு வந்துச்சு. சாவக் கூடாதுன்னு அந்தக் கோவத்துல தான் ரெண்டு நாள் கண்ண தொறந்து வெச்சிகினு கெடந்தேன்."

"வந்தப்பவே இத சொல்றதுக்கு இன்னா?"

"நீ படிக்கறேன்னு நேர்ந்துகினதா சாபிரா சொல்லுச்சு. நீயே படிக்கட்டும்னுதான் காத்துகினு இருந்தேன். கடலுக்கு பயமெல்லாம் இல்லமே."

அப்போதே வால்டருக்குப் போன் போட்டு, ராத்திரி வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நாலு மாதமாக அந்த மனிதர் கரையில் உட்கார்ந்திருந்தது இதற்காகவா? எனக்குச் சண்டை போட வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் கூட்டத்திலேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"இதோ பாரு" என்று விரலை நீட்டினேன். "இனிமே எதையும் எழுதி வெக்காத. எதுவா இருந்தாலும் திரும்பி வந்து வாயால சொல்லு. கேட்டுகிச்சா?"

அவர் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டார். ஒரு தரம் கூட்டத்தைப் பார்த்தார். யாரும் எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை.

"இப்பவே சொல்லிட்டா?"

சாபிரா காதைப் பொத்துகிற மாதிரி பொத்தி, விரல் இடுக்கைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லு" என்றேன்.