ஒரு விரல் துணி

“இது யாரு வெட்டுன்னு சொல்லுடி!”

தையற்காரம்மா போட்ட சத்தத்தில் மாடி வீட்டில் குழாயை மூடினார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு வார்த்தை தப்பிவிடக் கூடாதல்லவா? அவள் கையில் மகளின் புதுச் சட்டை. நாளை மறுநாள் வெளியூரில் வேலைக்குச் சேரப் போகிறவளின் பெட்டிக்குள், அடியில் ஒளிந்திருந்தது அது.

“கடையில வாங்கினதும்மா.”

“யாருக்குக் காது குத்துற? முப்பது வருஷமா மிஷின் மிதிக்கிறேன். பின்னால பிரிச்சுவிட உள்ள ஒரு விரல் துணியாவது விட்டிருக்கா? இல்லையே! ஒட்ட வெட்டியிருக்கு. இது அந்த எதிர்க்கடைக்காரி கத்தரி!”

“கத்தரிதான் அவங்களோடது. வெட்டினது நான்.”

மாடியில் மூச்சுக்கூட விடவில்லை.

இந்த மகளை அவள் வளர்த்த விதத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஏழு வயதில் சோறு வடிக்க விட்டாள். பத்தில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏற்றிவிட்டாள். பன்னிரண்டில் தனியாகப் பஸ் ஏற்றினாள். “காலம் மாறிப்போச்சு, யாரையும் எதிர்பார்த்து நிக்கக் கூடாது” என்பாள். பிள்ளையா, வேலைக்காரியா என்று சிரித்த வாய்களே பிற்பாடு குழாய்க்கு வாஷர் மாட்ட அந்தப் பெண்ணைக் கூப்பிட்டன.

மிஷின் பக்கம் வந்தால் மட்டும், “ஊசி ஏறிடும், போ.”

காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தெருவுக்குத் தெரியாதா? எல்லாம் கற்ற பெண் எங்கே போனாலும், அளவெடுத்துத் துணி தைக்கவாவது வருஷத்துக்கு இரண்டு முறை அம்மாவிடம் வந்து நிற்க வேண்டும். அந்த ஒன்றை மட்டும் அவள் தனக்கென்று வைத்திருந்தாள்.

“எத்தனை நாளா?”

“ஒன்றரை வருஷம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவங்க வீட்டுல.”

“கம்ப்யூட்டர் கிளாஸுன்னு போனதெல்லாம்?”

மகள் பெட்டியின் பூட்டைத் திருகினாள்.

“மழையில குடையோட போய்க் கூட்டிட்டு வந்தது உங்கப்பாதானே?”

அப்பாவின் முகத்துக்கு நேராகச் செய்தித்தாள் இன்னும் நான்கு விரல் உயர்ந்தது. “கத்துக்கறது நல்லதுதானேன்னு...” என்றது செய்தித்தாள்.

“கொழம்புல உப்பில்லன்னா மட்டும் எட்டு ஊருக்குக் கேக்குமே அந்த வாய்! இதுக்குத் தொறக்கலையே!” மகளிடம் திரும்பினாள். “ஏண்டி, என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?”

“பதினோரு தடவை கேட்டேன்மா. யாரையும் எதிர்பார்க்காதன்னு நீதானே சொன்ன? அதுல நீ சேர்த்தி இல்லையா?”

தையற்காரம்மா சட்டையைப் பெட்டிமேல் போட்டுவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்தாள். மகள் கிளம்பிய அன்றும் மிதித்துக்கொண்டேதான் இருந்தாள். ஊசியில் நூல் இல்லை.

மூன்று வருஷம் கழித்து மகள் ஒரு லிப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். மண்டபம் பிடித்ததும் பந்திக்கு ஏற்பாடு செய்ததும் அவளே. கல்யாண ஜாக்கெட்டும் அவள் தைத்ததுதான். தோள்பட்டையைச் சரிசெய்கிற சாக்கில் அம்மா தையலுக்குள் விரலை விட்டுத் தடவினாள். ஒட்ட வெட்டியிருந்தது.

“நல்லாருக்கு” என்றாள்.

அடுத்த மாதமே எதிர்க்கடைக்காரி கடையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினாள். எந்த ஊருக்கு என்று தையற்காரம்மா கேட்கவில்லை. கேட்காவிட்டால் விட்டுவிடுமா தெரு? மகள் இருக்கிற ஊருக்குத்தான். இருவருமாகச் சேர்ந்து இரண்டு மிஷின் போட்டிருக்கிறார்களாம்.