நெரெய்தாவுக்கு மட்டும் தெரியாத செய்தி

"என் மார்ப எடுக்கறதா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும் என் சமையல்கட்டுல உக்காந்தே முடிவு பண்ணிட்டீங்க. காப்பி போட்டுக் குடுத்தது மட்டும் நான்."

நெரெய்தாவின் குரல், கியூபாவின் மத்தான்சாஸ் ஊரில் எங்கள் தெருவின் மறுகோடிவரை கேட்டது. நான் ஜன்னலைத் திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. திறந்தேன்.

எங்கள் தெரு மருத்துவக வாசலில் அவளிடம் மாட்டிக்கொண்டு நின்றவர்கள், மகள் லிசெத்தும் அந்த மருத்துவகத்தின் மாடியிலேயே குடியிருக்கும் எங்கள் டாக்டரம்மா ஒடாலிஸும்.

"கொழுப்புக் கட்டின்னுதானே சொன்னீங்க?"

"உங்க மனசு தாங்காதுன்னு லிசெத் அழுதாம்மா."

"அவ மனசு தாங்கலைன்னா அவளுக்கு மாத்திரை குடுங்க."

புற்றுநோய் என்றால் எங்கள் ஊரில் வீட்டாரிடம்தான் சொல்வார்கள்; நோயாளியிடம் மூச்சுவிட மாட்டார்கள். பிரியத்தில் வந்த வழக்கம். ஆனால் வீட்டாருக்குத் தெரிந்தது தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? அன்று காலை ரேஷன் ரொட்டி வரிசையில்தான் காரியம் கெட்டது. கர்ப்பிணியே வந்தாலும் வயிற்றை ஒருமுறை முறைத்துவிட்டுத்தான் வழிவிடும் ஜனங்கள், நெரெய்தாவைக் கண்டதும் ஒதுங்கி முன்னால் போகச் சொன்னார்கள். வருஷக்கணக்காகப் பேசாத எதிர்வீட்டுக்காரி கன்னத்தில் முத்தம் வேறு கொடுத்து, "மார்பு போனா என்ன, உயிர் இருந்தாப் போதும்" என்றாள். நெரெய்தா ரொட்டி வாங்காமலேயே டாக்டரைத் தேடி வந்துவிட்டாள்.

"கெட்ட செய்தின்னாலும் அது என் செய்தி. சொல்லுங்க."

டாக்டர் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கட்டி சின்னது. மார்பை முழுசாக எடுக்கலாம். அல்லது கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, ஹவானாவில் சில வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம். மறுபடி வர வாய்ப்பு இதில் கொஞ்சம் கூடுதல். உயிருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"முழுசா எடுத்துட்டா எனக்குத் தைரியமா இருக்கும்," என்றார்.

"உங்க தைரியத்துக்கு என் மார்பா, டாக்டர்?"

லிசெத் குறுக்கிட்டாள். "எல்லாம் அந்த மெக்கானிக் எவாரிஸ்தோவுக்காகத்தானே?"

"அவனுக்குக் கண்ணாடி போட்டாலே பாதிதான் தெரியும். எனக்காகடி."

கட்டியை மட்டும்தான் எடுத்தார்கள். ஹவானாவுக்கு வண்டி பிடித்துக் கொடுத்ததும், முதல் நாள் கூடப் போய் உட்கார்ந்திருந்ததும் ஒடாலிஸ்தான். குணமாகித் திரும்பிய நெரெய்தா ஒரு பானை கறுப்பு பீன்ஸோடு மாடியேறினாள். தற்செயலாக நானும் அங்கே இருந்தேன்.

"திட்டினதுக்கு மன்னிப்பெல்லாம் கேக்கமாட்டேன். ஆனா உங்க விரல் அதத் தொட்டுக் கண்டுபிடிக்கலைன்னா, திட்டறதுக்கு நான் இருந்திருக்கமாட்டேன். அத மறக்கமாட்டேன்."

"நல்லாத்தான் திட்டினீங்க," என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்பல்லாம் வீட்டுக்காரங்கள வெளிய உக்கார வெச்சுட்டுத்தான் பேசறேன்."

தெருவுக்கு அதில் பெரிய நஷ்டம்.

ஜனவரியில் நெரெய்தா எவாரிஸ்தோவைக் கல்யாணம் செய்துகொண்டாள். லிசெத் கோபமெல்லாம் தீர்ந்து, கல்யாணத்தில் ஆடிவிட்டு, வேலை கிடைத்து சியென்ஃபுவேகோஸ் நகருக்குப் போனாள். டாக்டர் ஒடாலிஸ் மாற்றலாகி, தூரத்தில் கிழக்கே ஒல்கின் நகருக்குப் போய்விட்டார். பஸ் நிலையத்தில் அதிகமாக அழுதது நெரெய்தாதான்.