குறுக்குக் கோடு போட்ட ஏழு

ஜெபக் கூட்டத்து டப்பாவில் போடும் சீட்டில் யாரும் பெயர் எழுதுவதில்லை. யார் கையில் எந்தச் சீட்டு வருகிறதோ, அவர் மாதம் முழுக்க அதற்காக ஜெபிக்க வேண்டும். அவளுக்கு வந்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "17ஆம் தேதி என் ரிசல்ட். பயமாக இருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை."

ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

பரிசோதனைக் கூடத்தில் நான்கு வருஷமாக ரத்தக் குப்பிகளின் லேபிளில் அவள் பார்த்த ஏழு அது. லேபிள் எழுதுவது, இதே ஜெபக் கூட்டத்துக்கு வரும் மூத்த டெக்னீஷியன் அக்கா. ஒட்டுவது, இருவரில் யார் கை காலியோ அவர். அன்று ஒட்டியது அக்கா. இரண்டு குப்பிகள் மாறிப்போனதும், "இவதான் சார் ஒட்டுனா. சின்னப் பொண்ணு, கவனம் பத்தல" என்று கண்கலங்கச் சொன்னதும் அதே அக்கா. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று இவளுக்குக் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது.

"வசமா மாட்டுனியா?" என்று சீட்டைப் பார்த்துச் சொன்னாள். கிழிக்கவில்லை. தினமும் அதை எதிரில் வைத்து, அக்காவை மட்டும் விட்டுவிட்டு ஊருக்கெல்லாம் ஜெபிப்பது என்று முடிவெடுத்தாள்.

விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்தாள். மேனேஜருக்கு, பக்கத்து வீட்டுக்கு, வாட்ச்மேனுக்கு ஜெபித்தாள். நாலாம் நாள் ஆள் தீர்ந்துபோய், குப்பி மாறிய அந்த நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். ஆறு வாரத்தில் ஒருமுறைகூட அவர்களை நினைக்கவில்லையே என்று சுருக்கென்றது.

"வேலைக்குப் போனப்ப உன்னைப் பிடிச்சு இழுத்துல்ல எழுப்பணும்!" என்றாள் தங்கை, போர்வைக்குள்ளிருந்து. "இப்ப என்னக்கா திடீர்னு?"

"ஜெபம்டி."

"பல்லை நறநறன்னு கடிச்சிக்கிட்டா?"

பதினேழாம் தேதி. இன்றைக்கும் அக்காவை விட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். அப்போதுதான் உறைத்தது: ரிசல்ட் மோசமாக வந்தால் அக்கா லீவில் போய்விடுவாள். எல்லோரும் 'பாவம்' என்பார்கள். விசாரணை அப்படியே அமுங்கும். பழி இவள் தலையிலேயே நிற்கும்.

சீட்டைக் கையில் எடுத்தாள்.

"ஆண்டவரே, அவளுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. குத்துக்கல்லு மாதிரி வந்து என் எதிர்ல நிக்கணும். யார் ஒட்டுனதுன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும். சொல்றப்ப அவ நாக்கு கூசணும். ஆமென்."

"ஆமெனா, அடிதடியா?" என்றாள் தங்கை.

ரிசல்ட் கவுண்டர் நாலு மணிக்கு மூடும். பிரிண்டரையே பார்த்தபடி அங்கே நிற்பவர்களின் முகம் அவளுக்குத் தெரியும். மூன்றே முக்காலுக்குக் கை தானாகச் சீட்டைத் தேடியது.

"ஆண்டவரே, அவளுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது" என்று சொல்லி, அதோடு நிறுத்திவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஞாபகம் வந்து, மீதியையும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாள்.